சுமை இறக்கும் வாயில்

(திருக்குட நன்னீராட்டு விழாவில் நிகழ்ந்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தமிழ்நாட்டின் பழைய சாலைகளின் ஓரத்திலே சுமைதாங்கிக் கல் என்று ஒன்று நிற்பதைப் பலரும் கண்டிருப்பர். நிலத்தில் நாட்டிய இரண்டு கற்கள். அவற்றின்மேல் குறுக்கே கிடத்திய மற்றொரு கல். தலைச்சுமையோடு வருகின்றவன் பிறர் துணையை வேண்டாது, நின்றபடியே சுமையைத் தள்ளி வைக்கத் தக்க உயரம். அவ்வளவுதான் அதன் அமைப்பு. அதில் சிற்பம் இல்லை, சித்திரம் இல்லை. ஆயினும், சந்தைக்கு நெல் சுமந்தவனும், கடற்கரையிலிருந்து உப்புச் சுமந்தவளும் அக்கல்லைக் கண்டபோது அடைந்த மகிழ்ச்சி, மாளிகையைக் கண்டவர்க்கும் வாய்த்திராது.

அக்கல் எவ்வாறு அங்கே வந்தது? வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நாட்டுவது இந்நாட்டின் பழைய வழக்கம். இறக்கி வைக்க இயலாத சுமையோடு போய்விட்டாள் ஒருத்தி. அவள் பெயராலே வழிப்போக்கர் சுமையெல்லாம் இறங்கட்டும் என்பது அவ்வழக்கத்தின் உட்பொருள். மலையாள நாட்டிலும் இக்கல் உண்டு. அங்கே அதனை ‘அத்தாணி’ என்பர். அத்தாணி என்பதே பெயராக அமைந்த ஊர்களும் அந்நாட்டில் இருக்கின்றன. சுமை இறக்கும் இடம் ஊராகவே வளர்ந்துவிட்டது போலும்!

இக்காலத்தில் தலைச்சுமை குறைந்துவிட்டது. பெட்டிகளுக்குச் சக்கரம் வந்துவிட்டது. ஆனால், சுமை குறைந்ததா என்றால் இல்லை. முற்காலத்து யாத்திரிகர் ஒரு மாற்று வேட்டியும் கட்டுச்சோறும் கொண்டு காசிக்கே போனார். இக்காலத்துக் குடும்பம் இரண்டு நாள் யாத்திரைக்கு ஐந்து பெட்டிகளோடு புறப்படுகிறது. ஆகவே, கோயில் வாயிலை அடைந்ததும் எழுகின்ற முதற்கேள்வி, “பெருமான் எங்கே?” என்பதன்று, “பெட்டியை எங்கே வைப்பது?” என்பதே.

இது சிறிய கேள்வியாகத் தோன்றும். திருவனந்தபுரத்துக்குச் செல்கின்றவர்களுக்கு இது சிறிய கேள்வி அன்று.

திருவனந்தபுரம் நூற்றெட்டுத் திவ்விய தேசங்களுள் ஒன்று. மலைநாட்டுத் திருப்பதிகளுள் தலைசிறந்தது. குருகூரில் தோன்றிய நம்மாழ்வார் தம் திருவாய்மொழியின் பத்தாம் பத்திலே இத்தலத்தைப் பாடியுள்ளார். ஏழு நிலைக் கோபுரம், பாண்டி நாட்டுக் கோபுரங்களின் சாயலிலே, ஏறத்தாழ 100 அடி உயர்ந்து நிற்கிறது. அக்கோபுரத்துக்கு 1566 ஆம் ஆண்டில் அடித்தளம் இட்டனர் என்பர். நெல்லையிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் மதுரையிலிருந்தும் நாள்தோறும் தமிழ் மக்கள் அங்கே சென்றுகொண்டே இருக்கின்றனர். கோயிலின் அருகிலேயே, பத்மதீர்த்தக் குளத்தின் பக்கத்திலே, குதிரைமாளிகை என்னும் அரண்மனையும் இருக்கிறது. கோயிலையும் அரண்மனையையும் ஒருங்கே காணும் வாய்ப்பு உள்ளதால், யாத்திரிகர் கூட்டம் அங்கே குறைவதில்லை.

அக்கூட்டத்தில் ஒரு குடும்பத்தை நினைத்துப் பார்க்கலாம். நெல்லைச் சீமையைச் சேர்ந்த குடும்பம் என்று வைத்துக்கொள்ளலாம். மகன், மருமகள், இரண்டு குழந்தைகள், மகனைப் பெற்ற தாயார். அனந்தசயனத்தைக் கண்ணாலே காண வேண்டும் என்பது அத்தாயாரின் நெடுநாளைய ஆசை. அவருக்காகவே அந்த யாத்திரை. விடியற்காலையில் ரயில் தம்பானூரில் வந்து நிற்கிறது. நிலையத்திலே கிளோக் ரூம் இருக்கிறது. ஆனால் அங்கே வரிசை. “கோயில் ஒரு கிலோமீட்டர் தொலைவுதானே, பெட்டிகளோடே போய்விடலாம்” என்று மகன் எண்ணுகிறான். ஆட்டோவில் ஏறிக் கிழக்கேகோட்டைக்கு வந்து சேர்கின்றனர்.

வாயிலிலே சட்டம் தெரிகிறது. ஆடவர் வேட்டி உடுத்து, சட்டை களைந்து செல்ல வேண்டும். பெண்டிர் சேலை முதலிய மரபுடை அணிய வேண்டும். கைப்பேசி கூடாது, புகைப்படக் கருவி கூடாது, பை கூடாது. ஐந்து பெட்டிகளையும் சுற்றி ஐந்து பேர் நிற்கின்றனர். யாராவது ஒருவர் வெளியே இருந்தால்தான் மற்றவர் உள்ளே போகலாம். யார் இருப்பது?

எந்தக் குடும்பத்திலும் இக்கேள்விக்கு விடை ஒன்றுதான். “நீங்கள் போய்ச் சேவித்துவிட்டு வாருங்கள், அப்பா. குழந்தைகள் பசி தாங்கமாட்டார்கள். நான் பெட்டியைப் பார்த்துக்கொண்டு இப்படி உட்கார்ந்திருக்கிறேன். பிறகு எனக்கு ஒரு நிமிஷம் போதும்” என்கிறார் தாயார்.

அவர்கள் போகின்றனர். வரிசை நீளமாக இருக்கிறது. திரும்பி வரும்போது அவ்வேளைத் தரிசனம் முடிந்து நடை சாத்தியாகிவிட்டது. அடுத்து நடை திறக்கும் வேளைக்கு முன்னே ஊருக்குத் திரும்பும் ரயில். தாயார் எழுந்து, புடைவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, கோபுரத்தை நோக்கிக் கும்பிடுகிறார். “கோபுர தரிசனம் கோடி புண்ணியம்” என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்குகிறார். அவர் யாரையும் குறை சொல்லவில்லை. அவர் குறை சொல்லாததே அந்த மகனுக்கு ஆயுள் முழுதும் குறையாக நிற்கும்.

அன்பர்களே! இக்காட்சி திருவனந்தபுரத்துக்கு மட்டும் உரியதன்று. மதுரையில் இதனைக் காணலாம், இராமேசுவரத்தில் காணலாம், திருவரங்கத்தில் காணலாம். எந்தக் கோயில் வாயிலிலும், குவித்து வைத்த பைகளின் நடுவே, ஒரு முதியவர் அமர்ந்திருப்பார். யாருக்காக யாத்திரை வந்ததோ, அவரே பெட்டிக்குக் காவலாக வெளியில் இருப்பார். பெட்டி உள்ளே போகவில்லை என்பது சரி. பெட்டியின் பொருட்டு ஒரு தாயும் உள்ளே போகவில்லையே!

இதனைத் தவிர்ப்பது அரிதன்று. நிலையத்துக் கிளோக் ரூமிலே பயணச்சீட்டைக் காட்டி, பூட்டிய பெட்டியை ஒப்புவித்தால், இரசீது தருவர். இருபத்து நான்கு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் கணக்கிடுவர். பூட்டில்லாத பெட்டியை ஏற்கமாட்டார். ஆகவே சிறு பூட்டு ஒன்றைக் கையோடு கொண்டு செல்லுதல் வேண்டும். அடையாளச் சான்றும் உடனிருத்தல் நன்று. அழுகக்கூடிய உணவுப்பொருளைப் பெட்டியிலே வைத்தல் ஆகாது. இரசீதைத் தொலைத்துவிட்டால், பொருள் தமதே என்று உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுக்க நேரும். அதற்குள் ரயிலே போய்விடும். ஆதலால் இரசீதைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடாமல், மடியிலே முடிந்துகொள்ளுதல் அறிவுடைமை. நகைப்பு வேண்டா, அவ்வாறு பூட்டிவிட்டுத் திகைப்பவர்களும் உண்டு.

பெரிய பெட்டிகளை இவ்வாறு நிலையத்திலேயே விட்டபின், சிறு பையையும் கைப்பேசியையும் காலணியையும் கோயிலின் அருகேயுள்ள வைப்பிடங்களில் ஒப்புவித்துச் சீட்டுப் பெறலாம். கைப்பேசியை ஒப்புவிக்கும் முன், குடும்பத்தார் பிரிந்துவிட்டால் கூட வேண்டிய இடம் இன்னது என்று பேசி வைத்துக்கொள்ள வேண்டும். முதியோர்க்கு வேண்டிய மருந்தை ஒப்புவித்த பையிலே விட்டுவிடாமல் முன்னரே எடுத்துக்கொள்ள வேண்டும். இவையெல்லாம் முடிய அரைமணி நேரம் ஆகலாம். அந்த அரைமணி, ஒரு தாயை உள்ளே அழைத்துச் செல்லும் அரைமணி.

சுமை இறக்கி உள்ளே சென்றவர் காண்பது என்ன? அரவணைமேல் அறிதுயில் கொண்ட பெருமானை, 18 அடி நீளத் திருமேனியை, ஒரே நோக்கில் காண முடியாது. மூன்று திருவாயில்களின் வழியே காண வேண்டும். முதல் வாயிலிலே திருமுகமும், சிவலிங்கத்தின்மேல் நீண்ட திருக்கரமும். நடுவாயிலிலே உந்திக் கமலமும் அதன்மேல் நான்முகனும். மூன்றாம் வாயிலிலே திருவடி. கண்டகியாற்றின் 12,008 சாளக்கிராமங்களைக் கொண்டு, கடுசர்க்கரை யோகம் என்னும் கலவையால் அமைத்த திருமேனி அது என்பது மரபு. முகத்திலே தொடங்கி அடியிலே முடிகிறது அத்தரிசனம். பெட்டியின் நினைவோடு நிற்பவனுக்கு இம்மூன்று வாயிலும் மூன்று இருட்டுத் துளைகளாகவே தோன்றும். “பூட்டைச் சரியாகப் பூட்டினோமா?” என்று முதல் வாயிலில் நினைப்பான். “சீட்டு எங்கே?” என்று இரண்டாம் வாயிலில் தடவுவான். மூன்றாம் வாயிலில், “நகருங்கள், நகருங்கள்” என்பது காதில் விழும். திருவடி கடந்துபோகும்.

சுமையைக் கையிலிருந்து இறக்குதல் எளிது. மனத்திலிருந்து இறக்குதல் அரிது. இந்த அரிய பாடத்தை அத்தலத்திலே பெரியதொரு சுமையைச் சுமந்தவர் ஒருவர் கற்பித்துச் சென்றிருக்கிறார். அவர் திருவிதாங்கூர் மன்னர் அனிழம் திருநாள் மார்த்தாண்ட வர்மர்.

1729 முதல் 1758 வரை அவர் ஆட்சி செய்தார். சிறு நாடாக இருந்ததைப் பெருநாடாக்கினார். 1741 ஆம் ஆண்டில், இன்று கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த குளச்சலிலே, டச்சுக்காரர் படையை வென்றார். அவர் தலைநகரமும் இன்றைய தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கும் பத்மநாபபுரமே. 1686 ஆம் ஆண்டில் தீக்கு இரையான அனந்தபுரத்துக் கோயிலை மீண்டும் சிறப்புறச் செய்தவரும் அவரே. போரிலே வென்றவர், பொருளிலே நிறைந்தவர், பகைவரை அடக்கியவர். அத்தகைய மன்னர் 1750 ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், கொல்லம் ஆண்டு 925 மகர மாதத்தில், தம் உறவினரும் அதிகாரிகளும் சூழ, பெருமான் திருமுன் வந்து நின்றார். தம் உடைவாளைத் திருவடியிலே வைத்தார். தாம் வென்ற நாடு முழுவதையும் பத்மநாபனுக்கே உரியதாகத் தானம் செய்தார். பின்பு, பெருமானின் அடிமையாக இருந்து அந்நாட்டைக் காக்கும் பொருட்டு அவ்வாளைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அதன்பின் அவரும் அவர் வழிவந்த மன்னரும் ‘பத்மநாப தாசர்’ என்னும் பெயரையே பெரும்பெயராகக் கொண்டனர். திருப்படித்தானம் என்று வரலாறு இதனைப் போற்றுகிறது.

இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். வாள் அதே வாள்தான். நாடு அதே நாடுதான். மறுநாள் காலையிலே மன்னர்க்கு இருந்த வேலைகளும் அதே வேலைகள்தாம். வரி வாங்க வேண்டும். வழக்குக் கேட்க வேண்டும். எல்லை காக்க வேண்டும். அவ்வாறாயின் மாறியது என்ன? முதல்நாள் அவர் நாட்டின் உடையவர். மறுநாள், உடையவன் ஒருவன் இருக்க, அவன் பொருளைக் காக்கும் காவலர். பொறுப்பு இருந்தது, ‘எனது’ என்னும் பாரம் இறங்கிவிட்டது.

வைணவ ஆசாரியர்கள் சரணாகதியை ஒரு சொல்லாலே குறிப்பர். அச்சொல் ‘பரந்யாசம்’ என்பது. ‘பரம்’ என்றால் சுமை. ‘ந்யாசம்’ என்றால் வைத்தல். தன்னைக் காத்துக்கொள்ளும் சுமையை, அதனைத் தாங்க வல்லவன்பால் வைத்துவிடுதலே பரந்யாசம். எத்துணை எளிய சொல்! எத்துணை வழிநடைச் சொல்! ஆழ்ந்த வேதாந்தக் கருத்தைச் சொல்ல வந்த பெரியோர், மூட்டை இறக்கி வைக்கும் வழிப்போக்கனின் செயலையே எடுத்துக்கொண்டனர். இறக்கி வைத்தவன் நாழிகைக்கு ஒருமுறை வந்து மூட்டையைத் தொட்டுப் பார்ப்பானாயின், அவன் இறக்கவில்லை என்பதே பொருள்.

திருவண்ணாமலையில் வாழ்ந்த ரமண மகரிஷியும் இதனை ஓர் உவமையால் விளக்கியதுண்டு. ரயிலில் ஏறியபின் மூட்டையைத் தலையிலேயே வைத்துக்கொண்டு நிற்பவன், ரயிலுக்குப் பாரத்தைக் குறைத்தவனாக மாட்டான். அவன் தலையும் வலிக்கும்; ரயிலும் சுமக்கும்.

இன்னொரு மரபும் அக்கோயிலில் உண்டு. கருவறைக்கு முன்னே ஒற்றைக்கல் மண்டபம் என்று ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ 20 அடிச் சதுரமும் இரண்டரை அடிக் கனமும் உள்ள ஒரே கல்லால் ஆனது அம்மண்டபத்தின் தளம். அதன்மீது நின்று யாவரும் சேவிக்கலாம். ஆனால், நெடுஞ்சாண்கிடையாக வீழ்ந்து வணங்குதல் கூடாது. அங்கே வீழ்ந்து வணங்கியவர் தம் உடைமை அனைத்தையும் பெருமானுக்கு ஒப்புவித்தவர் ஆவர் என்பது வழக்கு. முன்னரே அனைத்தையும் ஒப்புவித்துவிட்ட பத்மநாப தாசர் மட்டுமே அங்கே வீழ்ந்து வணங்குவார். ஒப்புவிக்க இன்னும் எதுவோ மிச்சமிருப்பவர் நின்றபடி கும்பிடுகின்றனர், மிச்சமில்லாதவர் வீழ்கின்றார். மேலும், திருவிதாங்கூர் மன்னர் கோயிலிலிருந்து வெளியே வரும்போது தம் பாதத்தில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு வருவார் என்றும் கூறுவர். பெருமானுக்குரிய மணலில் ஒரு துகளும் தம்முடன் வந்துவிடலாகாது என்னும் அச்சம் அது.

இவ்வச்சத்தின் பயனை உலகம் 2011 ஆம் ஆண்டில் கண்டது. உச்ச நீதிமன்றத்தின் ஆணைப்படி அக்கோயிலின் நிலவறைகள் சில திறக்கப்பட்டன. பொன்னும் மணியும் காசுகளும் ஆரங்களும் அங்கே இருந்தமை கண்டு நாடு வியந்தது. நிலவறை ஒன்று அப்பொழுது திறக்கப்படவில்லை. எத்தனை கோடி என்று செய்தித்தாள்கள் கணக்கிட்டன. அந்தக் கணக்கினும் பெரியது ஒன்று உண்டு. அரண்மனையும் கோயிலும் அருகருகே. நிலவறையின் பொறுப்பு அரச மரபினர் கையில். ஆயினும், தலைமுறை தலைமுறையாக அது பெருமானின் பொருளாகவே இருந்தது. ஒப்புவித்த பொருளை ஒப்புவித்தபடியே காத்தல் என்பது எளிய அறமன்று. 2020 ஆம் ஆண்டு ஜூலை 13 ஆம் நாள், கோயிலின் மேற்பார்வையில் அரச குடும்பத்தார்க்கு உள்ள உரிமையை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

அருகேயுள்ள அரண்மனையும் ஒரு பாடம் சொல்லும். குதிரைமாளிகையைக் கட்டுவித்தவர் சுவாதித் திருநாள் மகாராஜா. இசையிலே பேரறிவு படைத்தவர். தஞ்சை நால்வருள் ஒருவராகிய வடிவேலுவை ஆதரித்தவர். மாளிகையின் கூரைக்குக் கீழே வரிசையாக 122 மரக் குதிரைகள் செதுக்கப்பட்டிருக்கின்றன. அதனாலேயே அதற்கு அப்பெயர். பளிங்கு ஆசனமும் தந்த ஆசனமும் இன்றும் அங்கே காட்சிப் பொருள்களாக உள்ளன. அம்மாளிகையிலே அம்மன்னர் வாழ்ந்தது சில காலமே. 1813 ஆம் ஆண்டில் பிறந்தவர் 1846 ஆம் ஆண்டில் மறைந்தார். மாளிகை நெடுங்காலம் பூட்டிக் கிடந்தது. இன்று அதனைக் காணச் செல்வோர் காலணியைக் கழற்றி வைத்துவிட்டு மரத்தளத்திலே நடக்கின்றனர். ஆசனம் இருக்கிறது, அமர்ந்தவர் இல்லை. குதிரைகள் நிற்கின்றன, ஏறிச் சென்றவர் போய்விட்டார். அவர் விட்டுச் சென்றவற்றுள் இன்றும் வழிநடப்பது அவர் பத்மநாபனுக்குச் சூட்டிய கீர்த்தனைகளே.

அன்பர்களே! சுமை என்பது ஒருவர் தாமே தூக்கி வந்ததாக மட்டும் இருப்பதில்லை. ஊரார் ஒருவர் தலைமேல் ஏற்றி வைத்த சுமையும் உண்டு. அனந்தபுரத்துக் கோயில் வாயிலிலே பன்னெடுங்காலம் பெரும்பகுதி மக்கள் உள்ளே செல்ல இயலாமல் நின்றனர். அவர் கையிலே பெட்டி இல்லை, பை இல்லை. பிறப்பு என்னும் பெயரால் பிறர் ஏற்றிய பாரமே அவரை வெளியில் நிறுத்தியது. 1936 ஆம் ஆண்டு நவம்பர் 12 ஆம் நாள், சித்திரைத் திருநாள் பலராம வர்ம மகாராஜா ஆலயப் பிரவேசப் பிரகடனத்தை வெளியிட்டார். அரசின் ஆதிக்கத்தில் இருந்த கோயில்களில் இந்துக்கள் யாவரும் நுழைந்து வழிபடலாம் என்பது அதன் கருத்து. மூன்று ஆண்டு கழித்து, 1939 ஆம் ஆண்டு ஜூலையில், மதுரை மீனாட்சியம்மன் கோயிலிலும் அக்கதவு திறந்தது. வாயிலில் ஒருவரை நிறுத்தி வைப்பது கோயிலுக்கு அழகன்று என்பதை நாடு அன்று உணர்ந்தது.

அன்று வாயிலில் நின்றவர் பெருங்கூட்டம். இன்று வாயிலில் நிற்பவர் ஒரு பாட்டியார். அன்று தடுத்தது வழக்கம். இன்று தடுப்பது ஒரு வசதிக் குறைவு. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தல் முறையன்று. ஆயினும், உள்ளே இருப்பவன் யாருக்காகக் காத்திருக்கிறானோ அவர் வெளியே இருக்கிறார் என்பது மட்டும் இரண்டிலும் ஒன்றே.

குடமுழுக்கு நிகழும் இந்நன்னாளில், பொருள் வழங்கிய புரவலர்கள் திரளாக வீற்றிருக்கின்ற இவ்வவையிலே, இதனைச் சொல்லுவதற்குக் காரணம் உண்டு. அனந்தபுரத்துக் கோயிலிலும் 2025 ஆம் ஆண்டு ஜூன் 8 ஆம் நாள், இரண்டரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட இடைவெளிக்குப் பின்னர், மகா கும்பாபிஷேகம் நடைபெற்றது. கருவறை விமானத்தின் மேலும் ஒற்றைக்கல் மண்டபத்தின் மேலும் புதிய பொற்கலசங்கள் ஏறின. கலசம் ஏறுவதைக் கண்ட கண்கள் பேறு பெற்றவை. கலசத்துக்குப் பொருள் தந்த கைகளும் பேறு பெற்றவை.

ஆனால், கலசம் என்பது என்ன? அதனுள்ளே வரகு முதலிய தானியங்களை நிரப்பி வைப்பது தமிழ்நாட்டு வழக்கம். வெள்ளமும் பஞ்சமும் வந்து வயல்கள் வித்தற்றுப் போனாலும், கோபுரத்தின் உச்சியிலே வித்து இருக்கும் என்று பெரியோர் கூறுவர். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கின்போது பழைய தானியத்தை மாற்றிப் புதியதை இடுவர். அவ்வாறாயின், கோபுரத்தின் உச்சியிலே மின்னுகின்ற கலசமும் ஒரு வைப்பறையே அன்றோ! ஊரார் பொருளை ஊரார்க்காகக் காத்து வைக்கும் இடம் அது. உச்சியிலே அத்தகைய வைப்பறை ஒன்று இருக்க, வாயிலிலே ஒன்று இல்லாமற் போகலாமா?

கோயிலுக்குப் புரவலர் தருவன பல. விளக்குத் தருகின்றனர், மணி தருகின்றனர், கதவுக்கு வெள்ளித் தகடு தருகின்றனர். எல்லாம் நல்லனவே. ஆயினும், பொருள்களை ஒப்புவித்துச் சீட்டுப் பெறும் எளிய அறை ஒன்றைக் கட்டித்தர முன்வருவோர் குறைவு. அதில் பூசை இல்லை, தீபாராதனை இல்லை, கூட்டம் வந்து கும்பிடுவதில்லை. ஆதலால் அது கைங்கரியமாகக் கண்ணுக்குப் படுவதில்லை. ஆனால், சாலையோரத்துச் சுமைதாங்கிக்கு எந்தத் தீபாராதனை நடந்தது?

அவ்வறைக்கு வேண்டுவன மிகுதியல்ல. மழை ஒழுகாத கூரை. எண் இட்ட தட்டுகள். முதியவர் குனியாமல் பையை வைக்கத் தக்க உயரத்தில் ஒரு மேடை. சீட்டின் எண்ணும் பொருளின் எண்ணும் ஒத்திருக்கப் பார்க்கும் நேர்மையான ஒருவர். கட்டணம் இன்னது என்று யாவரும் படிக்கத் தக்க பலகை, அல்லது கட்டணமே இல்லாமை. சக்கர நாற்காலி இரண்டும் குடிநீரும் அங்கேயே இருப்பின் இன்னும் நன்று. பெரிய பெட்டிகளைப் பெறுவதற்கு இடமில்லாத சிறு கோயிலாயின், அருகேயுள்ள சத்திரத்தின் ஓர் அறையே போதும். இவற்றுக்காகும் செலவு, பல ஊர்களிலே ஒரு நாள் வாணவேடிக்கைக்கு ஆகும் செலவினும் மிகாது.

அங்கே பெயர்ப்பலகை வைப்பதா என்றும் சிலர் கேட்கலாம். வைக்கலாம், தவறில்லை. ஆனால் நாட்டையே தந்தவர், தம் பெயரோடு சேர்த்துக்கொண்டது ‘தாசன்’ என்னும் சொல் ஒன்றையே. பெட்டியை வாயிலில் விட்டவர் தம் பெயரை உள்ளே சுமந்து செல்வதும் உண்டு. அது கிளோக் ரூமிலே பெறாத சுமை. அதனைப் பெறுவதற்கு மூன்றாம் வாயிலிலே ஒருவன் திருவடியை நீட்டிப் படுத்திருக்கிறான்.

யாத்திரை செல்வோர்க்கும் ஒரு வார்த்தை. வைப்பறை இல்லாத தலத்துக்குச் சென்று, ஒருவர் வெளியே இருந்துதான் தீர வேண்டும் என்னும் நிலை நேர்ந்தால், வீட்டிலே மூத்தவர் முதலில் உள்ளே போகட்டும். குழந்தையைக் கையிற் பிடித்துக்கொண்டு அவர் போகட்டும். இளையவர் பெட்டியின்மேல் உட்கார்ந்து காத்திருக்கட்டும். நடை சாத்திவிட்டால் இளையவர்க்கு மறுமுறை உண்டு. முதியவர்க்கு மறுமுறை உண்டோ இல்லையோ, யார் அறிவர்?

சுமைதாங்கிக் கல்லை நாட்டியவர் பெயரை இன்று யாரும் அறியார். ஆனால் அதில் மூட்டையை இறக்கிய ஒவ்வொருவரும், நெற்றி வியர்வையைத் துடைத்தபடி, ‘அப்பாடா’ என்று ஒரு பெருமூச்சு விட்டனர். அப்பெருமூச்சே அக்கல்லுக்கு நிகழ்ந்த அருச்சனை. இத்திருக்கோயிலின் வாயிலிலும் அவ்வருச்சனை நாள்தோறும் ஒலிக்குமாறு புரவலர் பெருமக்கள் அருள்செய்வாராக! வெளியே ஒருவரும் காத்திராமல், வந்தவர் அனைவரும் ஒருங்கே உள்ளே சென்று, வெறுங்கையைக் கூப்பி நிற்பாராக!

எல்லாரும் வாழ்க! எம்பெருமான் திருவருள் எங்கும் நிறைக!